வால்பாறையில் களப்பயிற்சி: மாடு முதலில், யானை பிறகு

களப்பயிற்சிக்கு எங்கே போக ஆசை என்று கால்நடை மருத்துவம் படிக்கும் இறுதியாண்டுப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். டாப்சிலிப், வால்பாறை இரண்டில் ஒரு பெயர் கட்டாயம் வரும். யானை, சிறுத்தை, வரையாடு, சிங்கவால் குரங்கு என்று மனம் ஓடுவது இயல்புதான். ஆனால் ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வரும் மாணவர் இங்கே முதலில் தொட வேண்டியது யானையை அல்ல. எஸ்டேட் லைன் வீட்டுக்குப் பின்னால், தகரக் கொட்டகையில் கட்டியிருக்கும் ஒற்றைக் கறவை மாட்டைத்தான் முதலில் தொட வேண்டும். அந்த மாட்டிடம் கை பழகாதவர் யானை முகாமில் நின்று வேடிக்கைதான் பார்க்க முடியும். இந்த அத்தியாயத்தை அந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறேன்.

மலைக்கு வரும் முன்

வால்பாறையிலிருந்தே கால்நடை மருத்துவம் படிக்கப் போகும் பிள்ளைகளுக்காக முதலில் சில வார்த்தைகள். தமிழ்நாட்டில் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் தேவையில்லை. பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. 15 சதவீத அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு மட்டும் நீட் வேண்டும். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. எஸ்டேட் பள்ளிகளில் தொடங்கி வால்பாறை அரசுப் பள்ளியில் முடித்த பிள்ளைகள் இதைத் தெரியாமலே விட்டுவிடக் கூடாது. சேர்க்கையை நடத்துவது தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம். சென்னை வேப்பேரிக் கல்லூரி 1903இல் தொடங்கியது, நாமக்கல் 1985இல். நமக்குப் பக்கத்தில் இருப்பது 2020இல் வந்த உடுமலைப்பேட்டைக் கல்லூரி. பொள்ளாச்சி இறங்கிப் பேருந்து மாறினால் போய்விடலாம்.

படிப்பு ஐந்தரை ஆண்டு. நாலரை ஆண்டு வகுப்பும் ஆய்வகமும் பண்ணையும், கடைசி ஓராண்டு கட்டாய இன்டர்ன்ஷிப். பாடம் முழுக்க ஆங்கிலத்தில் நடக்கும். தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு முதல் ஆறு மாதம் உடற்கூறியல் வகுப்பு மிரட்டும். எலும்பு ஒவ்வொன்றின் பெயரும் லத்தீனில் வரும். விடுதி அறையில் மாட்டுத் தொடை எலும்பைக் கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டு இரவு முழுக்கப் பார்த்துப் பார்த்துத்தான் எல்லோரும் தேறியிருக்கிறார்கள். பெயரை மனப்பாடம் செய்வதற்கு முன் எலும்பைக் கையில் எடுத்துத் தடவிப் பாருங்கள். பிற்பாடு உயிருள்ள மாட்டின் தோலுக்கு மேல் விரல் வைத்ததும் உள்ளே இருப்பது என்ன என்று விரலே சொல்லும்.

பண்ணைப் பயிற்சியை மாணவர்கள் பலர் வருகைப் பதிவுக்காகக் கழிக்கிறார்கள். அதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. விடியற்காலை பால் கறக்கப் போவது, பல்லைப் பார்த்து வயது சொல்வது, மாட்டைக் கீழே சாய்க்கக் கயிறு போடுவது, மூக்கணாங்கயிற்றைப் பிடிப்பது எல்லாம் மருத்துவம் இல்லை என்ற நினைப்பு அவர்களுக்கு. பால் கறக்கத் தெரியாதவர் மடிநோயை எப்படிக் கண்டுபிடிப்பார்? நான்கு காம்பிலும் முதல் பீச்சைக் கருப்புத் துணியில் விட்டுப் பார்த்தால் தயிர்த் துணுக்கு போல் வருவது தெரியும். அதற்குக் காம்பைப் பிடிக்கிற கை முதலில் பழகியிருக்க வேண்டும். விடுமுறையில் ஊருக்கு வரும்போது செவ்வாய், வியாழனில் பொள்ளாச்சிச் சந்தைக்கு ஒரு நடை போய் வாருங்கள். மாட்டின் நடையையும் கண்ணையும் பார்த்தே குறையைச் சொல்லும் வியாபாரிகள் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் எந்தப் பக்கம் நின்று, எதை முதலில் பார்க்கிறார்கள் என்று கவனித்தாலே பாதிப் பாடம் கிடைக்கும்.

லைன் வீட்டு மாடு

வால்பாறையில் மாடு வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் தோட்டத் தொழிலாளர்கள். காலையில் இலை பறிக்கப் போய்விடுவார்கள். பத்து மணிக்கு மருந்துப் பையோடு போய் நின்றால் கொட்டகையில் மாடு மட்டும்தான் இருக்கும், பதில் சொல்ல ஆள் இருக்காது. வேலைக்குக் கிளம்பும் முன், அல்லது மாலையில் இலை எடை போட்டுத் திரும்பிய பின் போங்கள். மாலை என்றால் இருட்டும் முன் திரும்பிவிட வேண்டும். ஏன் என்பது பிறகு வரும்.

போனதும் மாட்டைத் தொடாதீர்கள். முதலில் கேளுங்கள். "அக்கா, எப்ப கன்னு போட்டுச்சு? நஞ்சு விழுந்துச்சா? நேத்து எவ்வளவு பால், இன்னைக்கு எவ்வளவு?" இப்படி அவர்கள் பேச்சிலேயே கேளுங்கள். மாடு எங்கே மேய்ந்தது என்பது இங்கே முக்கியமான கேள்வி. மலையில் மேய்ச்சல் நிலம் குறைவு. தேயிலைக்கு இடையிலும் சாலை ஓரத்திலும் மேய்கிறது. களைக்கொல்லி அடித்த பகுதிப் பக்கம் போனதா என்று கேட்டு வைக்க வேண்டும். நேற்று யார் வீட்டிலாவது விசேஷம் நடந்ததா என்றும் கேளுங்கள். மிஞ்சிய சோற்றை வாளி வாளியாக மாட்டுக்கு ஊற்றியிருப்பார்கள், பாசத்தில்தான். வயிற்றில் அது புளித்து அமிலமாகி மாட்டைச் சாய்த்துவிடும். டவுன் பக்கம் திரியும் மாடு என்றால் பாலித்தீன் பையை மறக்கக் கூடாது.

கேட்டு முடித்ததும் இரண்டு மூன்று அடி தள்ளி நின்று பாருங்கள். நிற்கும் விதம், மூச்சு, இரண்டு விலாவும் சமமாக இருக்கிறதா, சாணி எப்படி, அசை போடுகிறதா. அதன் பிறகுதான் கை. தெர்மாமீட்டரில் நூல் கட்டி, மறுமுனையில் ஒரு கிளிப் போட்டு வால் மயிரில் மாட்டிவிடுங்கள். உள்ளே போய்விட்டால் தேட வேண்டாம், கீழே விழுந்தும் உடையாது. நல்ல மாட்டுக்கு 101.5 டிகிரி ஃபாரன்ஹீட் சுற்றி இருக்கும். இடது விலாப் பள்ளத்தில் முஷ்டியை அழுத்தி வைத்து இரண்டு நிமிடம் பொறுமையாக நில்லுங்கள். பெருவயிறு அசைந்து முஷ்டியைத் தள்ளும். நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறை தள்ளினால் நல்லது. தள்ளவே இல்லை என்றால் அந்த மாட்டின் கதை வேறு. புதிதாக வரும் மாணவர்கள் பத்து விநாடி வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுகிறார்கள். அந்தப் பத்து விநாடியில் எதுவும் தெரியாது.

ஒரே ஒரு நோயைக் கிட்டத்தில் வைத்துச் சொல்கிறேன், பால் காய்ச்சல். பெயரில்தான் காய்ச்சல், உடம்பு சில்லென்று இருக்கும். நல்ல கறவை மாடு, கன்று போட்டு ஒன்றிரண்டு நாள். எழ முடியாமல் படுத்துக் கழுத்தை விலாப் பக்கம் மடித்து வைத்திருக்கும். காதைத் தொட்டால் குளிர்ச்சி, மூக்கு வறண்டிருக்கும். பாலுக்குள் சுண்ணாம்புச் சத்து ஒரேயடியாக இறங்கிவிட, ரத்தத்தில் அது குறைந்துபோகிறது. தசைக்கு வேலை செய்யத் தெம்பில்லை. இதற்குக் கால்சியம் போரோகுளுகோனேட் பாட்டிலைக் கழுத்து நரம்பில் ஏற்றுவோம். வால்பாறைக் குளிரில் பாட்டில் ஐஸ் போல இருக்கும். அந்த வீட்டிலேயே வெந்நீர் கேட்டு வாங்கி, பாட்டிலை அதில் வைத்து உடம்புச் சூட்டுக்குக் கொண்டு வாருங்கள். ஏற்றும்போது ஒரு கையில் பாட்டில், காதில் ஸ்டெதாஸ்கோப், அது இதயத்தின் மேல். வேகமாக ஏற்றினால் கால்சியமே இதயத்தை நிறுத்திவிடும். துடிப்பு தவறினால் உடனே பாட்டிலைத் தாழ்த்துங்கள். பத்து நிமிடத்துக்குக் குறையாமல் ஆகட்டும், அவசரம் வேண்டாம். பாதியிலேயே உடம்பில் நடுக்கம் வரும், ஏப்பம் விடும், சாணி போடும். கொஞ்ச நேரத்தில் பின்னங்காலை ஊன்றி எழுந்து நிற்கும். அன்றைக்கு மடியை ஒட்டக் கறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வர வேண்டும். அதைச் சொல்லாமல் வந்தால் மறுநாள் மறுபடி படுத்துவிடும்.

இதையெல்லாம் நீங்கள் தனியாகச் செய்யக் கூடாது. 1984ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, பதிவு பெற்ற மருத்துவரே சிகிச்சை செய்யலாம். இன்டர்ன் அவர் கண்காணிப்பில் வேலை செய்பவர். லைன் வீட்டுக்காரர்கள் உங்களையும் "டாக்டர் தம்பி", "டாக்டரம்மா" என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த மரியாதையில் மயங்கி ஊசியைக் கையில் எடுத்துவிடாதீர்கள்.

சினைப் பரிசோதனைக்கு மலை நல்ல இடம், ஒவ்வொரு மாட்டுக்கும் நேரம் கொடுக்க முடிகிறது. நகத்தை ஒட்ட வெட்டி, மோதிரம் வாட்ச் கழற்றி, நீளக் கையுறையில் வழுவழுப்பு தடவி விரல்களைக் குவித்து ஆசனவாய் வழியாக உள்ளே போங்கள். மாடு முக்கும்போது கையை அப்படியே நிறுத்துங்கள், தள்ளாதீர்கள். முதலில் கருப்பைக் கழுத்தைத் தேடுங்கள், கோழிக் கழுத்து மாதிரி கட்டியாக அகப்படும். அங்கிருந்து இரண்டு கொம்புகள். பழகிய விரலுக்கு 35 நாளைத் தாண்டினால் சவ்வு நழுவுவது தெரியும். நான்கு மாதத்தில் ரத்தக் குழாய் விர்ரென்று அதிரும். புத்தகத்தில் இந்த அதிர்வைப் பற்றி எத்தனை வரி படித்தாலும் முதல் முறை விரலில் பட்டால்தான் புரியும்.

வீட்டுக்காரர்கள் செய்யும் ஒரு காரியத்தைக் கண்டால் பக்குவமாகத் தடுங்கள். வயிறு உப்பினால் மாட்டின் தலையைத் தூக்கி, நாக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு எண்ணெயை மூங்கில் குழலிலோ பாட்டிலிலோ ஊற்றுவார்கள். நாக்கை இழுத்தால் மாட்டால் விழுங்க முடியாது. எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். உப்புசத்தில் பிழைத்த மாடு நிமோனியாவில் போகும். கடவாய் ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக, நாக்கு உள்ளேயே இருக்க, விழுங்க விட்டு விட்டு ஊற்றச் சொல்லிக் கொடுங்கள். நீங்களே செய்து காட்டினால்தான் நம்புவார்கள்.

சிறுத்தை அடித்த கன்று

வால்பாறையில் மற்ற இடங்களில் எளிதில் கிடைக்காத பயிற்சி ஒன்று உண்டு. ஆட்டையோ கன்றையோ சிறுத்தை அடித்துவிட்டால் உரிமையாளருக்கு வனத்துறை இழப்பீடு தருகிறது. அதற்குக் கால்நடை மருத்துவரின் சான்று வேண்டும். உங்கள் மருத்துவர் போகும்போது கேட்டு உடன் போங்கள்.

அடித்ததா, செத்ததைத் தின்றதா என்பதுதான் கேள்வி. தொண்டையில் பல் பதிந்த துளைகளை அளவுகோல் வைத்துப் படம் எடுத்த பின், அந்த இடத்துத் தோலை மெதுவாக உரித்துப் பாருங்கள். உயிரோடு இருந்தபோது கடிபட்டிருந்தால் தோலுக்கடியில் சதைக்குள் ரத்தம் கசிந்து கருஞ்சிவப்பாக உறைந்திருக்கும், கழுவினாலும் போகாது. செத்த பிறகு எதுவோ கடித்திருந்தால் துளை இருக்கும், அந்த ரத்தக் கசிவு இருக்காது. பிறகு வயிறு, நுரையீரல், இதயம் என்று முறையாகப் போங்கள். கன்று ஏற்கெனவே நிமோனியாவில் நலிந்திருந்ததும் தெரியவரலாம். கண்டதை மட்டும் எழுத வேண்டும். ஏழையின் கன்று, எழுதிவிட்டால் என்ன என்று மனம் சொல்லும். பொய்ச் சான்று ஒன்று வெளிப்பட்டால் அடுத்த நிஜமான வழக்குக்கும் பணம் வராது. இரக்கத்தைக் காட்ட வேண்டிய இடம் வேகம். இழப்பீட்டுக் காகிதம் உங்கள் மேஜையில் ஒரு நாள்கூடத் தூங்கக் கூடாது.

இந்த வேலையில் கத்தியை எடுக்கும் முன் ஒரு விஷயத்தைப் பார்த்தே ஆக வேண்டும். மாடு திடீரென்று செத்திருக்கிறது, கடிகாயம் இல்லை, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருப்பு ரத்தம் ஒழுகுகிறது, உடல் விறைக்கவே இல்லை என்றால் கத்தியைப் பைக்குள் வையுங்கள். அது அடைப்பானாக இருக்கலாம். உடலைத் திறந்தால் கிருமி காற்றுப் பட்டு வித்தாக மாறி, மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். அதே மண்ணில்தான் நாளை காட்டெருமையும் யானையும் மேயும். கையுறை போட்டு, காது நரம்பில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடியில் பூசி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைப்பது, சுற்றியுள்ள மாடுகளுக்குத் தடுப்பூசி, வனத்துறைக்குத் தகவல் எல்லாம் அதே நாளில் நடக்க வேண்டும்.

யானை முகாம்

இனி நீங்கள் காத்திருந்தது. கோழிகமுத்தி முகாமுக்கு வால்பாறைச் சாலையில் போக முடியாது. பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை வழியாக டாப்சிலிப் போய், அங்கிருந்து உள்ளே போக வேண்டும். ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் அனுமதி இல்லாமல் அங்கே நுழைய முடியாது. கல்லூரி முதல்வர் வழியாக, போதிய நாள் முன்னதாக எழுதுங்கள். முகாமின் பாகன்களில் பெரும்பாலோர் மலசர் பழங்குடியினர். யானையைத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். "நேத்து ராத்திரி சங்கிலியை இழுத்துக்கிட்டே இருந்துச்சு" என்று ஒரு பாகனோ அவருக்கு உதவியாளரான காவடியோ சொன்னால் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் பரிசோதனை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

மாட்டில் பழகிய கணக்கு இங்கே மாறும். யானையின் உடம்புச் சூடு மாட்டைவிடக் குறைவு, 97 டிகிரி ஃபாரன்ஹீட் சுற்றி இருக்கும். தெர்மாமீட்டரை ஆசனவாயில் வைக்க வேண்டியதில்லை. போட்டவுடனே லத்திக் கட்டியின் நடுவில் செருகிப் பார்த்தால் போதும். நிற்கும் யானைக்கு நாடி நிமிடத்துக்கு 25 முதல் 35. படுத்தால் அது கூடும். இதனால்தான் மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர் யானையை நிற்கும் நிலையிலேயே வைக்கப் பார்க்கிறார். மார்பை ஊன்றிப் படுத்துவிட்டால் அந்தப் பெரிய உடம்பின் பாரமே மூச்சை அடைத்துவிடும். ஊசி, காது மடலின் பின்புறம் ஓடும் நரம்பில். தினமும் பார்க்க வேண்டியது பாதம். நகத்து வெடிப்பு, உள்ளங்கால் புண், குத்திய கண்ணாடிச் சில்லு. காட்டில் குடித்துவிட்டு எறியும் பாட்டில் ஒரு யானையை மாதக்கணக்கில் நொண்ட வைத்துச் சாகடிக்கும். வாயையும் பாருங்கள். காட்டுப்பன்றிக்கென்று பழத்துக்குள் வைக்கும் அவுட்டுக்காய் வெடியைக் கடித்து, தாடை சிதைந்து, பட்டினியில் சாகும் யானைகள் கோவை மாவட்டக் காடுகளில் உண்டு. மேயப்போன மாடும் இதே வெடியில் வாய் கிழிந்து வரும்.

இந்த முகாமைப் பற்றி எழுதும்போது டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தியைச் சொல்லாமல் போக முடியாது. வனத்துறையின் கால்நடை மருத்துவராக இந்தக் காடுகளில் பல பத்தாண்டுகள் வேலை பார்த்தவர், 2002இல் மறைந்தார். ஜெயமோகனின் ‘யானை டாக்டர்’ கதை வழியாக அவரை அறிந்து, அதனாலேயே இந்தப் படிப்புக்கு வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். கதையில் வரும் துணிச்சல் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. நான் மாணவர்களுக்குச் சுட்டிக்காட்ட விரும்புவது அவருடைய பதிவேட்டு ஒழுக்கத்தை. செத்த யானை அழுகியிருந்தாலும் திறந்து பார்த்துக் காரணம் எழுத வேண்டும் என்பதில் அவர் விட்டுக்கொடுத்ததில்லை. முகாம் யானைகளின் பிறப்பு, இறப்பு, ஈனும் வயது பற்றித் தலைமுறைகளாகச் சேர்ந்த பதிவுகளை வைத்து யானை ஆய்வாளர் ராமன் சுகுமார் முதலியோரோடு அவர் எழுதிய ஆய்வுக்கட்டுரை 1997இல் வெளிவந்தது. வளர்ப்பு யானைகளின் ஆயுளைப் பற்றிப் பேசுபவர்கள் இன்றும் அதை எடுத்துப் பார்க்கிறார்கள். அந்த ஆய்வுக்கு ஆதாரம், யாரோ ஒருவர் அன்றன்று மாலை உட்கார்ந்து எழுதிய வரிகள்.

காட்டு விலங்கு சிகிச்சையில் உங்கள் பங்கு பெரும்பாலும் தள்ளி நிற்பதுதான். 2021இல் முடீஸ் பகுதியில் மீட்கப்பட்ட காயம்பட்ட புலிக்குட்டியை வனத்துறை வளர்த்து, மறு ஆண்டு மந்திரிமட்டத்தில் பெரிய அடைப்பு கட்டி அதில் விட்டது. தானே வேட்டையாடப் பழக வேண்டும் என்பதற்காக மனித முகம் அதன் கண்ணில் படுவதைக் குறைத்தார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு மாணவர் கூடுதலாக நிற்பதும் கெடுதல்தான். கைபேசிப் படம் எடுப்பதை நினைத்தே பார்க்காதீர்கள்.

உங்கள் உடம்பு

மலையேறும் முன் வெறிநாய்க்கடி முன்தடுப்பூசி மூன்றும் போட்டிருக்க வேண்டும்: முதல் நாள், 7ஆம் நாள், 21 அல்லது 28ஆம் நாள். விழாத நஞ்சுக்கொடியையும் வீசின கன்றையும் வெறுங்கையால் தொடாதீர்கள். புருசெல்லா கிருமி உங்களுக்கு வந்தால் காய்ச்சலும் மூட்டுவலியும் மாதக்கணக்கில் விடாது. தென்மேற்குப் பருவமழையில் அட்டை ஏறும், சின்னக்கல்லாறு பக்கம் கேட்கவே வேண்டாம். கணுக்காலில் உப்பும் புகையிலைத் தூளும் தடவிக்கொள்ளுங்கள். ஒட்டியதைப் பிய்க்காதீர்கள்.

மாலையில் இருட்டும் முன் திரும்பச் சொன்னேன் அல்லவா, லைன் வீடுகளுக்கு இடையில் யானையும் சிறுத்தையும் நடக்கும் நேரம் அது. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் வனத்துறையோடு சேர்ந்து வைத்திருக்கும் சிவப்பு விளக்குகள், யானை பக்கத்தில் இருந்தால் எரியும். குறுஞ்செய்தியும் வரும். தங்கும் ஊரில் விளக்கு எங்கே இருக்கிறது என்று முதல் நாளே கேட்டு வையுங்கள். அவசரம் என்று இரவில் யாராவது கூப்பிட்டால் மருத்துவரோடும் ஊர்க்காரர்களோடும் வண்டியில் போங்கள், நடந்து போகாதீர்கள்.

கீழே இறங்கும் முன் பார்த்த மாடுகளின் பட்டியலை நோட்டில் முடித்துவிடுங்கள். வீடு, மாட்டின் வயது, ஈற்று, தெர்மாமீட்டர் கணக்கு, கொடுத்த மருந்து, ஏன் கொடுத்தோம் என்பது வரை. மருத்துவர் கையெழுத்து வாங்குங்கள். வீட்டுக்காரரிடம் 1962 என்ற எண்ணை எழுதிக் கொடுங்கள், நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு அதில் கூப்பிடலாம் என்று பலருக்கு இன்னும் தெரியாது. மூன்றாம் நாள் அந்த வீட்டுக்குப் போன் செய்து, மாடு அசை போடுகிறதா, பால் திரும்பியதா என்று கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால் உங்கள் மருத்துவரிடம் உடனே சொல்லி, அதையும் நோட்டில் அதே பக்கத்தில் எழுதுங்கள்.